திருநீற்றில் தேய்த்த குதிரைகள்

கோலா சிலாங்கூர்
12 மார்ச் 2024

அண்ணா,

இல்லை, அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டார்.

குடும்பக் குழுவில் அம்மா போட்ட, அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தது சரி. அப்பாவின் படத்துக்கு முன்னால், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், வெற்றிலைத் தட்டில் மின்னுபவை அவைதான். அப்பாவின் பழைய கெல்டிக் நாணயங்கள். ஒன்பதும்.

முந்திய நாள் பள்ளியில் பாடம் முடித்து வந்தேன். தஞ்சோங் காராங்கிலிருந்து வழியெல்லாம் மழை. அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். விளக்கு, செம்பு, சந்தனக் கிண்ணம், வீட்டு வெள்ளி எல்லாம் திருநீற்றால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்திருந்தது. குழந்தையில் உங்களுக்குச் சோறு தீத்திய வெள்ளிக் கரண்டி மட்டும் இல்லை. அது காணாமல் போய் ஐந்து வருடம் இருக்கும். வெள்ளி கழுவும் ஒவ்வொரு தடவையும் அம்மா அதைச் சொல்லி அழுவார். இந்தத் தடவையும் அழுதிருந்தார்.

துணியின் ஓரத்தில் ஒன்பது சின்ன வெளிச்சங்கள்.

“கறுத்துப்போய்க் கிடந்தது பிள்ளை. அவர் ஆசையா வைச்சிருந்த சாமான், அப்பிடியே அவருக்கு முன்னால வைக்கிறதே?”

  அப்பா அவற்றை ஒருநாளும் துடைத்ததில்லை. பிடுங்கிய பல்லை எடுப்பதுபோல விளிம்பைப் பிடித்துத்தான் எடுப்பார். இங்கிலாந்தின் மண்ணுக்குள் இரண்டாயிரம் ஆண்டு கிடந்து ஏறிய கறுப்பு, போனால் திரும்பாது என்று வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லுவார். அம்மாவுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரே வீட்டில் இருந்தும்.

உங்கள் கூரியரும் வந்தது. நாணயங்களைப் பற்றிய உறுதிமொழித் தாளைப் படித்தேன். கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று தொலைபேசியில் கேட்காதீர்கள். நீங்கள் பேசினால் நான் சரி என்று சொல்லிவிடுவேன். எப்போதும் அப்படித்தான் நடந்திருக்கிறது. எழுதினால் யோசிக்க இடம் கிடைக்கிறது. அதனால் எழுதுங்கள். தாளில்.

அப்பாவின் உடலை எடுக்கும்போதும் நீங்கள் இல்லை, அந்தியேட்டிக்கும் இல்லை. அதைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை.

அனுஜா


லண்டன்
20 மார்ச் 2024

அனு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் நின்றபடியே படித்தேன். 

அம்மாவைத் திட்டப் போவதில்லை. ஆனால் என்ன போய்விட்டது என்பது உனக்காவது தெரிய வேண்டும். கவனமாகப் படி.

ரோமானிய நாணயத்தில் பேரரசனின் முகம், பெயர், பட்டம் எல்லாம் இருக்கும். ஒன்றைப் பார்த்தால் ஆயிரத்தைப் பார்த்ததுபோல. கெல்டிக் வெள்ளி அப்படியல்ல. மாசிடோனிய அரசனின் காசு கூலிப்படைக்காரர்களின் மடியில் வடக்கே போனது. அங்கே இருந்தவர்கள் அதைப் பார்த்து ஒன்று அடித்தார்கள். அதைப் பார்த்து அடுத்தவன் அடித்தான். கடல் தாண்டிப் பிரிட்டனுக்கு வந்து சேர்வதற்குள் அரசனின் முகம் இரண்டு பிறையாகிவிட்டது. குதிரை துண்டு துண்டாகிவிட்டது. தலை ஒரு முத்து. கழுத்து ஒரு கோடு. வயிற்றுக்கு அடியில் ஒரு சக்கரம். அச்சு பெரியது, வெள்ளித் துண்டு சிறியது. அதனால் பாதிக் குதிரை காசுக்கு வெளியே நிற்கும். எந்த இரண்டும் ஒன்றுபோல இராது. நகத்தளவு வெள்ளியில் பெயர் தெரியாத ஒருவனின் கை. இதற்காகத்தான் மனிதர்கள் வீட்டை விற்று வாங்குகிறார்கள்.

அதைவிட முக்கியம் மேல்தோல். நீலம் கலந்த அந்தக் கறுப்பு. வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். அது போய்விட்டால் கையில் இருப்பது நேற்றுச் செய்த பொத்தான்.

ஜூன் ஏலத்துக்கு விவரப் புத்தகம் அச்சாகிவிட்டது. “டாக்டர் கதிரவேலு சேகரிப்பு, மலேசியா.” படங்கள் நான் முன்பு எடுத்தவை. இந்தத் தொழிலில் நாணயம் எப்படி இருக்கிறது என்பதைவிட யாரிடமிருந்து வருகிறது என்பதுதான் பெரிய கேள்வி. கௌரவமான பல் மருத்துவர், நீண்ட காலமாக ஒரே குடும்பத்தில் இருந்தவை என்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். நான் இந்த ஏல நிறுவனத்தின் நாணயப் பிரிவில் வேலை செய்கிறவன்; என் பெயரில் விற்க முடியாது. அதனால் வாரிசாக உன் கையெழுத்து.

ஒன்றை உடனே அனுப்பு. கழுத்தில் வெட்டு விழுந்த குதிரை. எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மற்றவற்றை இனி யாரும் தொட வேண்டாம்.

வராததற்குக் காரணம் எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் எழுதவில்லை.

கேசவன்


கோலா சிலாங்கூர்
2 ஏப்ரல் 2024

அண்ணா,

கழுத்தில் வெட்டு விழுந்த குதிரை இந்த உறைக்குள் இருக்கிறது. அப்பாவின் மருந்தகப் பஞ்சில் சுற்றியிருக்கிறேன்.

தாளில் இருப்பது இது: அப்பா 1982-இல் லண்டனில் ஒரு கடையில் இவற்றை வாங்கினார். இது எனக்கு நேரடியாகத் தெரியும்.

எனக்குத் தெரியாது. 1982-இல் அப்பா புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர் லயத்து வாசலில் நாற்காலி போட்டுப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். லண்டனுக்கு வந்தது ஒரே ஒரு தடவை. உங்கள் பட்டமளிப்புக்கு. குளிர் தாங்காமல் விடுதி அறையிலேயே இருந்தார்.

இவை நீங்கள் அனுப்பியவை. ஒரு பிறந்தநாளுக்கு ஒன்று, ஒரு தீபாவளிக்கு ஒன்று. பொட்டலம் வந்த அன்று நோயாளிகளைக் காத்திருக்க வைப்பார். “மகன் அனுப்பினது” என்று பல்செட்டுக்கு வந்த கிழவர்களுக்கெல்லாம் காட்டுவார். அவர்கள் பாவம், வாயைத் திறந்தபடியே தலையாட்டுவார்கள்.

பிறகு ஏன் 1982?

இன்னொன்று. உறையில் போடுமுன் அப்பாவின் உருப்பெருக்கியில் பார்த்தேன். கறுப்பு இருந்தபோது தெரியாத ஒன்று இப்போது தெரிகிறது. குதிரையின் வயிற்றில் மிகச் சின்னக் கொப்புளங்கள். ஊசி முனை அளவு. விளிம்பில் ஓரிடம் மட்டும் தட்டையாகத் தேய்த்திருக்கிறது. மற்ற எட்டையும் எடுத்துப் பார்த்தேன். எட்டிலும் விளிம்பில் ஒரு தட்டை.

அந்தத் தேய்ப்பு எனக்குப் பழக்கமானது. மருந்தகத்தின் பின்னறையில்தான் நான் வீட்டுப்பாடம் செய்தேன். பல்லுக்கு மேல் போடும் உலோக உறையை அப்பா வெளியில் கொடுத்துச் செய்ததில்லை. அளவுப் பசையில் அச்செடுத்து, மெழுகில் செய்து, உலோகத்தை உருக்கித் தானே ஊற்றுவார். ஊற்றிய வழியில் ஒரு காம்பு நிற்கும். அதை வெட்டிவிட்டு, பல்லைக் குடையும் அதே ஊசியால் தேய்ப்பார். தேய்த்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் விழும்.

அந்தக் கோடுகள்.

பார்த்ததை எழுதிவிட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எழுத முடியவில்லை.  

அனுஜா


லண்டன்
11 ஏப்ரல் 2024

அனு,

போலி.

மூன்று முறை எடை போட்டேன். குறைகிறது. விட்டம் ஒரு மயிரிழை சின்னது. ஊற்றிய உலோகம் ஆறும்போது சுருங்கும், அந்த அளவு. உண்மையான நாணயம் சுத்தியலால் அடிக்கப்பட்டது. இது ஊற்றப்பட்டது. வெள்ளியும் இக்காலத்து வெள்ளி. ஆனால் கழுத்தில் அந்த வெட்டு இருக்கிறது. நான் அனுப்பிய அதே குதிரை, அதே வெட்டு. என் கையில் ஒரு பிணத்தின் முகமூடி இருப்பதுபோல இருந்தது. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றேன்.

யாரோ உண்மையானவற்றை எடுத்துக்கொண்டு இவற்றை வைத்திருக்கிறார்கள். யோசி. ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவோடு உட்கார்ந்து நாணயம் பேசியவர் யார்? மருந்தகத்துப் பின்னறை வரை போய் வந்தவர் யார்? ஜமீல் நானா. சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர் என்று சாதாரணமாக நினைக்காதே. வெள்ளைக்காரன் காலத்து மலாயாவின் பழைய நீரிணைக் குடியேற்ற நாணயங்கள் அவரிடம் ஒரு பெட்டி இருக்கிறது. அவருக்கு மதிப்புத் தெரியும். நேராகப் போய்க் கேள். போலீசுக்குப் போவேன் என்று சொல்.

எங்கே வாங்கினேன் என்பது இப்போது விஷயமில்லை. நீயும் அப்பா மாதிரிக் கேட்கிறாய். அவரும் ஒருமுறை கேட்டார். ஏழாவதோ எட்டாவதோ அனுப்பிய பிறகு. “எல்லாத்திலயும் ஒரே மண்ணாக் கிடக்கு தம்பி. எல்லாம் ஒரே கிடங்கில தோண்டி எடுத்ததோ?” அந்த மாவட்டம் முழுக்க ஒரே மண்தான் அப்பா என்றேன். சிரித்தேன். பல்லில் படிந்த காரையைப் பார்த்தே ஆள் எந்தத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர் என்று சொல்லுகிறவர் அவர். ஆனால் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு மனதுக்குள் நன்றி அப்பா என்றேன்.

ஏலத்துக்கு அதிக நாள் இல்லை. ஜமீலிடம் கேள்.

கேசவன்


கோலா சிலாங்கூர்
26 ஏப்ரல் 2024

அண்ணா,

கேட்டேன். அதைக் கேட்டதற்காக இனி அந்தக் கடையில் நான் தலைநிமிர்ந்து உட்கார முடியாது.

பெருநாள் விடுமுறை முடிந்து கடை திறந்திருந்தது. கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் போகிற கூட்டம் இன்னும் வரவில்லை. ஜமீல் நானா கல்லாவில் தனியாக இருந்தார். ஒரு நாணயத்தை மேசையில் வைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பளபளன்னு ஆக்கிட்டீங்களே. டாக்டர் பாத்தா அழுதுருவாருலா.”

இவை போலி, உண்மையானவை உங்களிடம் இருக்கின்றனவா என்று கேட்டேன். நீங்கள் சொல்லிக் கொடுத்த போலீசையும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நாணயத்தை என் பக்கம் மெதுவாகத் தள்ளி வைத்தார். வேறு யாராவது கேட்டிருந்தால் எழுந்து போகச் சொல்லியிருப்பேன், நீ டாக்டர் மகள் என்பதால் பதில் சொல்கிறேன் என்றார்.

பிறகு சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டார்.

“ஒங்க வீட்ல பூனை வளத்தீங்களா?”

இல்லை என்றேன்.

“அப்ப முட்டையெல்லாம் யாருக்கு?”

கோவிட்டுக்கு முந்திய வருடம் கொஞ்ச காலம், அப்பா வரும்போதெல்லாம் பால் இல்லாத தே-ஓ குடித்துவிட்டு இரண்டு அவித்த முட்டை பொட்டலம் கட்டச் சொல்லியிருக்கிறார். நம் அப்பா. கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தட்டை நகர்த்தி வைக்கிறவர். கடையில் எல்லோரும் கேலி செய்வார்களாம். டாக்டர் வீட்டுக்குத் தெரியாமல் ஆரம்பித்துவிட்டார் என்று. அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவாராம்.

இங்கே நிறுத்திவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். இப்போது எழுதுகிறேன்.

பள்ளியில் வேதியியல் ஆசிரியையிடம் கேட்டேன். அவித்த முட்டையை வெட்டி வெள்ளியோடு ஒரு டப்பாவில் மூடி வைத்தால் என்ன ஆகும்? கறுத்துப் போகும் என்றார். கந்தகம். “ஏன் டீச்சர், யாரு நகைய கெடுக்கப் போறீங்க?” என்று சிரித்தார்.

அம்மா தேய்த்தெடுத்தது இரண்டாயிரம் ஆண்டை இல்லை, அண்ணா. ஐந்து ஆண்டை.

ஜமீல் நானா சொன்னது இன்னும் இருக்கிறது. அவர் தங்கை சுல்தானா இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறார் அல்லவா. அந்த வருடம் பெருநாளுக்கு வந்து திரும்பும்போது அப்பா அவரிடம் ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருக்கிறார். அங்கே போய்த் தபாலில் போட வேண்டும். அனுப்புகிறவர் பெயர் வேண்டாம்.

“மகனுக்குத் தெரிய வேணாம்னாரு. அப்பா மகன் சண்ட போலன்னு நானும் விட்டுட்டேன். பெட்டிய தொறந்துகூட பாக்கல. இப்ப நீ வந்து என்னைய திருடன்ற.”

அவர் சத்தம் போடவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். தே குடிக்கச் சொன்னார். குடித்தேன். 

அன்றே சுல்தானாவிடம் பேசினேன். அவருக்கு முகவரி நினைவிருக்கிறது, ஏனென்றால் அது ஒரு மியூசியம். நீங்கள் அப்பாவிடம் சொன்ன அதே மாவட்டத்து மியூசியம். ஒரே மண் உள்ள மாவட்டம்.

இங்கிலாந்துச் சட்டத்தையும் படித்துப் பார்த்தேன். இப்படிப்பட்ட புதையல் கிடைத்தால் அறிவிக்க வேண்டும். மறைப்பது குற்றம். அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே வாங்கியதாகக் காட்டத்தான் உங்கள் 1982. இதை நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். குதிரையின் கழுத்தைப் பற்றி அவ்வளவு எழுதினீர்கள்.

நீங்கள் அப்பாவுக்குப் பரிசு தரவில்லை. வாழைத்தாரைச் சாக்கில் சுற்றி வைப்பதுபோல அவர் அலமாரியில் பழுக்க வைத்தீர்கள். அவர் சாகும்வரை. அவர் பெயர் வாங்குகிறவர்களுக்கு நல்ல பெயராகும்வரை.

நான் தவறாக எழுதியிருந்தால் திட்டி எழுதுங்கள். சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன்.

அனுஜா


லண்டன்
9 மே 2024

அனு,

திட்டவில்லை.

சனிக்கிழமை ரயிலேறிப் போனேன். நீ எழுதியதை நம்பவில்லை. பொய் என்று காட்டத்தான் போனேன். சின்ன மியூசியம். பள்ளிப் பிள்ளைகள் சத்தம். இரண்டாவது அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் கறுப்பாக ஒன்பது. கழுத்தில் வெட்டு விழுந்த குதிரை மேல்வரிசையில் நடுவில். கீழே அட்டையில், பெயர் தெரியாத ஒருவர் திருப்பித் தந்தவை என்று இருந்தது.

அவை ஒரு இளஞ்சிவப்பு மெழுகுப் பலகையில் பதிந்திருந்தன. உனக்குத் தெரியும் எந்த மெழுகு என்று. பல்செட்டுக்குப் பல் பதிக்கும் மெழுகு. ஒவ்வொரு நாணயத்துக்கும் அதன் அளவுக்கே குழி வெட்டியிருந்தார். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி ஒரே அளவு. மேலே ஐந்து, கீழே நாலு.

கண்ணாடியில் நெற்றி மோதியதைப் பார்த்துக் காவலர் தள்ளி நிற்கச் சொன்னார்.

பொறுப்பாளர் ஒரு பெண். நல்லவர். அந்த மெழுகு அழகாக இருந்ததால் அப்படியே காட்சிக்கு வைத்தோம் என்றார். அனுப்பியவர் ஒரு தூசியைக்கூடத் துடைக்கவில்லை. பள்ளங்களில் மண் அப்படியே இருந்ததால் எந்த வயலில் தோண்டியது என்று கண்டுபிடிக்க முடிந்தது என்றார். வாழ்நாளெல்லாம் பல்லிலிருந்து காரை சுரண்டியவர் அந்த மண்ணைச் சுரண்டவில்லை. உங்களுக்கு இதில் ஆர்வமா என்று அந்தப் பெண் கேட்டார். இல்லை, மழைக்கு ஒதுங்கினேன் என்றேன்.

எங்கே வாங்கினேன் என்பதற்குப் பதில். மெட்டல் டிடெக்டர் வைத்துக்கொண்டு இரவில் வயல்களுக்குப் போகும் ஒருவன். எந்த வயல் என்று அவன் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது வேலை புதிது. ஒவ்வொன்றாக வாங்கினேன். அப்பாவுக்கு அனுப்பும்போது பரிசு என்றுதான் நினைத்தேன், அதுவும் உண்மை. இரண்டும் உண்மையாக இருக்க முடியாதா?

அப்பா செத்த செய்தி வந்த அன்று நான் முதலில் நினைத்தது விவரப் புத்தகத்தை. அதனால்தான் வரவில்லை. வந்து அவர் முகத்தைப் பார்க்க முடிந்திருக்காது. இதை நம்புவாயா தெரியவில்லை.

இப்போது ஒரு உதவி. ஒன்பதையும் ஏலத்திலிருந்து எடுக்க வேண்டும். காரணம் கேட்கிறார்கள். இத்துடன் வேறொரு தாள் அனுப்புகிறேன். அப்பாவுக்கு நாணயங்களைப் பற்றி அதிகம் தெரியாது, யாரோ ஒரு வியாபாரி போலிகளை விற்று அவரை ஏமாற்றிவிட்டான், குடும்பத்துக்கு இப்போதுதான் தெரிய வந்தது. அவ்வளவுதான். ஏமாந்த கிழவர்கள் இந்தத் தொழிலில் நிறைய. யாரும் சிரிக்கமாட்டார்கள். அவர் இறந்துவிட்டார், அவருக்கு நஷ்டமில்லை. நான் உயிரோடு இருக்கிறேன், எனக்கு வேலை போய்விடும். அதற்குமேலும் போகலாம்.

அவர் உன்னிடம் ஏதாவது சொன்னாரா? என்னைப் பற்றி. கோபமாகவாவது.

கேசவன்


கோலா சிலாங்கூர்
21 மே 2024

அண்ணா,

ஒன்றும் சொல்லவில்லை. கோபமாகவும் இல்லை. நீங்கள் கூப்பிடும் ஞாயிறுகளில் சட்டை மாற்றிக்கொண்டு தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்காருவார். அது கடைசிவரை மாறவில்லை.  அவ்வளவையும் தெரிந்துகொண்டு எப்படிச் சட்டை மாற்றினார்?

உங்களைக் காப்பாற்றினாரா, தன் மகன் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொண்டாரா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. நீங்கள் எப்போதாவது வந்து அலமாரியைத் திறந்தால் காலியாக இருக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார். அது மட்டும் நிச்சயம். அதற்காக அந்த வயதில், கண் மங்கிய பிறகு, பின்னறையில் உலோகம் உருக்கியிருக்கிறார்.

எந்த உலோகம் என்று நான் நினைப்பதை எழுதுகிறேன். கரண்டி. நிரூபிக்க முடியாது. ஆனால் காணாமல் போனது அந்த வருடம்தான், வேறு வெள்ளி எதுவும் வீட்டில் குறையவில்லை. அம்மாவிடம் இதை மட்டும் சொன்னேன். உங்களைப் பற்றிச் சொல்லவில்லை. அப்பா அதை உருக்கி இந்தக் காசுகளைச் செய்தார் போலிருக்கிறது அம்மா, என்றேன். அவர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

“அப்ப அது வீட்டை விட்டுப் போகேல்லை.”

அவ்வளவுதான் சொன்னார். கரண்டி காணாமல் போனதற்கு வேலைக்காரப் பெண்ணைச் சந்தேகப்பட்டு அனுப்பிய நாளும் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பிறகு அன்று சாப்பிடவில்லை.

உங்கள் இரண்டாவது தாளையும் படித்தேன். முதல் தாளில் அப்பா போகாத ஊருக்குப் போனார். இரண்டாவதில் அப்பா ஒன்றும் தெரியாதவர். ஒன்பது நாணயங்களைப் பார்த்து ஒரு குழியைக் கண்டுபிடித்தவரை ஏமாந்த கிழவர் என்று எழுதி, அதற்குக் கீழே என் பெயரைப் போட வேண்டும். உங்கள் வேலை எனக்கு முக்கியமில்லை என்று நினைக்காதீர்கள். இரண்டு இரவு பேனாவைத் திறந்து மூடினேன். நீங்கள் சிறைக்குப் போவதை நினைத்துத்தான் அப்படிச் செய்தேன். உங்கள் முதல் சைக்கிளில் என்னைப் பின்னால் வைத்து ஜெராம் வரை மிதித்துப் போனீர்கள். அதெல்லாம் எனக்கு இருக்கிறது.

ஆனால் கை எழுதவில்லை.

அதனால் நானே ஒரு தாள் எழுதியிருக்கிறேன். இத்துடன் இருக்கிறது. இப்படித்தான்:

“இந்த ஒன்பது நாணயங்களையும் கோலா சிலாங்கூர் பல் மருத்துவர், என் அப்பா கதிரவேலு, தன் கையால் செய்தார். அவரை யாரும் ஏமாற்றவில்லை. இவற்றின் மூலங்கள் அவரிடம் வந்தன; அவர் திருப்பி அனுப்பினார். இவை விற்பனைக்கு இல்லை.”

‘அவர் யாரையும் ஏமாற்றவில்லை’ என்றும் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். உங்களை ஏமாற்றினார்.

கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை அலுவலகத்தில் கொடுப்பீர்களோ, அந்த மியூசியப் பெண்ணிடம் கொடுப்பீர்களோ, கிழித்துப் போடுவீர்களோ, அது உங்கள் கையில். நான் வேறு தாளில் கையெழுத்துப் போட மாட்டேன். யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்லுவேன்.

கழுத்தில் வெட்டு விழுந்த குதிரை உங்களிடமே இருக்கட்டும். திருப்பி அனுப்பாதீர்கள். அது உங்கள் கரண்டி.

மற்ற எட்டும் இங்கே மிகவும் பளபளக்கின்றன. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் கண் கூசுகிறது. அப்பா வைத்தபடி இல்லை.

இந்த உறையை ஒட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு ஜமீல் நானா கடைக்குப் போனேன். அவித்த முட்டை இரண்டு கேட்டேன். அவர் ஒன்றும் கேட்காமல் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

   இந்தக் கடைசி வரிகளை வீட்டில் எழுதுகிறேன்.

முட்டைகளை வெட்டி அப்பாவின் பழைய பஞ்சு டப்பாவில் வைத்தேன். எட்டு நாணயங்களையும் குதிரை மேலே தெரியும்படி அடுக்கினேன். மூடினேன். இப்போது தபாலகத்துக்குப் போகிறேன்.

அனுஜா